பத்திரிகையில் மணமகள் பெயர்

ராயபுரம், திருப்பூர்
12.8.2004

அன்புள்ள திவ்யாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். போனில் பேசினால் வீடே காது கொடுக்கிறது, அதனால் கடிதம்.

பெயரைப் பார்த்துத் திகைக்காதே. உன் பெயர் தெய்வாத்தாள் என்றதும் கம்பெனி நண்பர்கள், "பொண்ணு பேரைக் கேட்டா மாமியா பேரைச் சொல்றயே" என்று சிரித்துவிட்டார்கள். அம்மாதான் திவ்யா என்று மாற்றினார். ஐநூறு கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தும் ஆயிற்று. இனி நீ திவ்யாதான்.

அன்புடன்,
மோகன்ராஜ்


பல்லடம்
17.8.2004

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு தபால்காரர் இரண்டு நாள் தெருத்தெருவாக விசாரித்திருக்கிறார். திவ்யா என்று எங்கள் ஊரில் யாரும் இல்லை.

என் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எனக்குப் புதிதில்லை. பேங்கில் கூப்பிட்டதும் நான் எழுந்தால், பின்னால் யாராவது கிழவி வருகிறாளா என்று எட்டிப் பார்ப்பார்கள். வீரபாண்டி பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தபோது, "தெய்வானு சுருக்கிக்கலாங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். முடியாது என்றேன். இன்று என் முழுக் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு பெட்டிகூட லாரி ஏறாது.

எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் பிழைத்தால் இந்தப் பெயர் என்று அம்மா சாமியிடம் நேர்ந்துகொண்டார். வெளிநாட்டுக்காரன் சொன்னால் உங்கள் கம்பெனியில் பனியன் லேபிளைப் பிரித்து வேறு தைப்பீர்கள். நான் பனியன் இல்லை.

உங்களை எனக்குப் பிடிக்கும். பெண் பார்க்க வந்தபோது குடித்த டம்ளரை நீங்களே எடுத்துப்போய்க் கழுவி வைத்தீர்களே, அப்போதிருந்து பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு கோபம். ஆனால் அந்தப் பத்திரிகையில் இருப்பது வேறு யாருடைய கல்யாணமோ. அதற்கு நான் வரமாட்டேன். பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் நிச்சயச் சேலை திரும்பி வரும்.

இப்படிக்கு,
தெய்வாத்தாள்


ராயபுரம்
23.8.2004

அன்புள்ள தெய்வாத்தாளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் பக்கம் பேசுவார் என்று நினைத்துத்தான். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவை ஊரே வசந்தா என்றுதான் கூப்பிடும். என் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டிலும் அதுதான். "நான் சாமியாத்தா, கண்ணு. கட்டிக்கிட்டு வந்தன்னைக்கு இந்த ஊட்டுல வசந்தானு மாத்திட்டாங்க. எங்கம்மா போனப்பறம் அந்தப் பேரச் சொல்ல ஆளில்ல. அதையே நானும் அந்தப் புள்ளைக்குச் செஞ்சுட்டனே" என்றார்.

இருபத்தெட்டு வயதாகிறது எனக்கு. பெற்றவள் பெயர் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. நண்பர்கள் சிரித்ததற்கு நானும் கூடச் சிரித்தேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

ஊர் என்ன சொல்லும் என்று அப்பா தடுத்தார். அம்மா கேட்கவில்லை. அச்சடித்த பத்திரிகைக் கட்டைப் பரணில் ஏற்றிவிட்டு, என் வண்டியில் ஏறி பிரஸ்ஸுக்கு வந்தார். பெயர்களை அவரே சொல்லி எழுத வைத்தார்.

புதுப் பத்திரிகையின் ப்ரூப் இணைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால்தான் அச்சு ஓடும். உன் பெயரோடு நிறுத்திவிடாதே, மணமகனின் பெற்றோர் வரியையும் பார்: நஞ்சப்பன் – சாமியாத்தாள்.

உன்,
மோகன்ராஜ்


பல்லடம்
27.8.2004

அன்புள்ள உங்களுக்கு,

பார்த்தேன். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம். மாமா பெயரைவிட அத்தை பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு அச்சடிக்கச் சொல்லுங்கள். கோயிலில் முதல் பத்திரிகையை அத்தையே மாற்றி வைக்கட்டும். சாமிக்கு அவர் பெயர் மறந்திருக்காது.

உங்கள்,
தெய்வாத்தாள்