டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி

மச்சான்,

இன்று காலை உன் காரின் டிக்கியை ஒருவர் திறந்தார். சாக்கு வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்து, தூறலின் ஈரத்தோடு சேர்ந்து, கடை வாசல் வரைக்கும் வந்தது. செத்தல் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த நான் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன்.

வந்தவர் உடப்புசல்லாவைப் பக்கம் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டுகிறவர். கார் விலைக்கு இருக்கிறது என்று யாரோ சொல்லி வந்திருந்தார். குடையை மடக்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நல்லா படிஞ்சு நிக்குதுங்க மொதலாளி. பழைய வண்டின்னு சொல்ல முடியாது" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். பிறகுதான் டிக்கியைத் திறந்தார்.

"இதென்னங்க, வண்டியோட சேத்து அரிசியும் விக்கிறீங்களா?"

முதலில் உள்ளே வாங்க என்றேன். விலை பேசுகிற இடத்தில் பேச்சை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த மூட்டைகளுக்குக் காரணம் சொல்வதென்றால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் அவரை உள்ளே உட்கார வைத்து, தேநீருக்குச் சொல்லிவிட்டு, முதலில் உனக்கு எழுதுகிறேன்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. டயகமப் பக்கத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகிறபோது விட்டுப்போன காரை நாம் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஓட்டுவது நீ, வரவு செலவு நான். அதற்கு முன்பே நாம் கூட்டாளிகள். உன் தங்கச்சி பாக்கியத்தை நான் கட்டிய பிறகுதான் எனக்கு மச்சானானாய். கல்யாணத்துக்கு மறுநாளே என்னை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தாய். கோபம் வந்தால் மட்டும் பழைய 'நீ' திரும்பி வரும்.

அந்தத் துரை தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டுக்காக வண்டியின் பின்பக்கம் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பிளேட் போட்டு உயர்த்தி வைத்திருந்தார். மழைத்தண்ணீர் ஓட ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிய கானில் வண்டியின் அடி இடிக்கக் கூடாது என்பதற்கு அது. அதனால் வண்டி எப்போதும் முன்னால் குனிந்து, பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். அட்டன் பஸ் ஸ்டாண்டில் ஹயருக்கு நிற்கிறவர்கள் அதற்கு 'வெட்டுக்கிளி' என்று பெயர் வைத்தார்கள். நம் வண்டி வளைவில் திரும்பினாலே ஒருவன் சத்தமாகச் சொல்லுவான்: "ஒதுங்குங்கப்பா, பாயப் போகுது."

எனக்கு அது காதில் ஏறவே இல்லை. எந்தத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போகிற வண்டி நம்முடையது ஒன்றுதான். ஆறு பேர் ஏறினாலும், மேலே மூட்டை கட்டினாலும், கான்களைத் தாண்டிப் போய்விடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உனக்கோ அந்தப் பெயர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. விடிந்ததும் வண்டியைத் துடைத்து, நாலு எட்டுப் பின்னால் போய் நின்று பார்ப்பாய். முகம் சுருங்கும். திரும்பவும் துடைப்பாய்.

அப்போதுதான் பெரிய கடை வீதி நகைக்கடைக்காரர் வீட்டில் கல்யாணம் வந்தது. நம் ஊரில் கல்யாணக் கார் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவிலிலிருந்து மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் கடை வீதி முழுக்க ஊர்ந்து போக வேண்டும். இரண்டு பக்கமும் கடைப்படியில் நின்று சனம் பார்க்கும், பன்னீர் தெளிக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் போன கார் எது என்று ஒரு வருஷத்துக்குப் பேச்சிருக்கும். நீ போய்க் கேட்டாய். நகைக்கடைக்காரர் தன்மையாகத்தான் சொன்னாராம், வண்டி கொஞ்சம் தூக்கலா இருக்கு தம்பி, பார்க்கலாம் என்று. பக்கத்தில் நின்ற ஸ்டாண்ட்காரன் விடவில்லை: "அதுல ஏறினா பொண்ணும் மாப்பிள்ளையும் சரிஞ்சு டிரைவர் மடியிலதான் விழுவாங்க."

நீ அன்று இரவு சாப்பிடவில்லை. பிளேட்டைக் கழற்றிப் பின்பக்கத்தை இறக்கலாம் என்றாய். நான் முடியாது என்றேன். கல்யாணம் வைகாசியில் நாலு, ஆவணியில் நாலு. தோட்டத்து ஹயர் வருஷம் முழுக்க. "அழகு சோறு போடுமா?" என்று கேட்டேன். "ஒனக்கு எல்லாமே சோறுதான்" என்றாய். அந்த 'ஒனக்கு' வந்ததும் நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

சரக்கெடுக்க நான் கொழும்புக்குப் போன வாரத்தில் நீ வேலையை முடித்துவிட்டாய். ரயிலை விட்டு இறங்கி ஸ்டேசன் வாசலுக்கு வந்தால் வண்டி நிற்கிறது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பின்பக்கம் இறங்கி, மட்கார்டு சில்லின் மேல் பாதி மூடி, புலி படுத்திருப்பது மாதிரி நின்றது. துரை போட்ட பிளேட்டோடு இன்னும் ஒன்றையும் சேர்த்து எடுக்கச் சொன்னாயாம். கராஜ் பாஸ் வேலையை முடித்து, "லஸ்ஸனய்" என்று சிங்களத்தில் அழகைப் பாராட்டிவிட்டு, "ஆனா கல்லுல போயிட்டு வந்து என்னைய ஏசக் கூடாது" என்றாராம். அதையும் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் முன்சீட்டில் ஏறினேன். ஓட்டத்தில் எனக்கும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நகைக்கடைக்காரர் அதற்குள் சரி சொல்லியிருந்தார்.

பாக்கியத்துக்கு அப்போது எட்டாம் மாதம் பிறந்திருந்தது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரி டொக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருந்தார். அலுங்காமல் குலுங்காமல் கூட்டிவர வேண்டும் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். நம்மிடம்தான் கார் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வழக்கம்போல நீ ஓட்டினாய், நான் உன் பக்கத்தில், அவள் பின்னால். தார் பெயர்ந்து கிடந்த வளைவில் பின்பக்கம் 'டங்' என்று இரும்போடு இரும்பு முட்டியது. அப்புறம் இன்னொன்று. திரும்பிப் பார்த்தோம். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டொக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். வீடு வந்து இறங்கிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, காரு அழகாத்தான் இருக்கு. ஆனா நீங்க ரெண்டு பேரும் முன்னுக்கு உக்காந்துகிட்டே சண்ட போடுறீங்க. பின்னுக்கு உக்காந்தவ கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல."

அடுத்த வாரம் அவள் காரில் ஏற மறுத்துவிட்டாள். பஸ்ஸில் போகிறேன் என்றாள். நானும் கூடப் போனேன். பாதி வழியில் பின் கண்ணாடியில் பார்த்தால், நீ வெறுங்காரை ஓட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருகிறாய். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நீயும் நின்றாய். கை காட்டியவர்களை ஏற்றவில்லை. "என்னாண்ணே, பஸ்ஸுக்குக் காவலா?" என்று கண்டக்டர் உன்னிடம் கேட்டான். ஆஸ்பத்திரி வாசலில் நீ வண்டியை விட்டு இறங்காமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய்.

மறுநாளே எல்லாப் பிளேட்டையும் திரும்பப் போட்டுவிட்டாய். நகைக்கடைக் கல்யாணம் கையை விட்டுப் போகும் என்று தெரிந்துதான் போட்டாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் பாக்கியம் ஏறிப் பார்த்துவிட்டு அதையும் வேண்டாம் என்றாள். இது முட்டவில்லை, ஆனால் முன்னே மாதிரியே தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றாள். ஆறு பேருக்குப் போட்ட பிளேட், ஒரு புள்ளைத்தாய்ச்சிக்கு எங்கே மசியும்? எனக்குச் சோறு போட்ட உயரமும், உனக்குப் பெயர் வாங்கித் தர இருந்த தாழ்வும், இரண்டுமே அவளுக்கு உதவவில்லை. பிள்ளை வலி எடுத்தால் எதில் கொண்டுபோவது என்று எனக்கு அதே யோசனையாக இருந்தது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஸ்டாண்டுக்கே நீ போகவில்லை.

வழி எப்படி வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. ரயிலில் வந்த அரிசியில் இரண்டு மூட்டையை, லொறிக்காரன் வரவில்லை என்று டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தோம். வழியில் பாக்கியம் கோவிலிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். வயிற்றோடு மேட்டில் ஏறுகிறாளே என்று மன்றாடி ஏற்றினாய். ஐந்து நிமிஷ ஓட்டம். வீட்டு வாசலில் அவள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நமக்கு உயிரே போய்விட்டது.

"இன்னிக்கு என்னா செஞ்சீங்க? தொட்டில்ல ஆட்டுன மாதிரி இருந்திச்சு."

நீ இறங்கிப் பின்னால் போனாய். நானும் வந்தேன். வண்டி படிந்து நின்றது. கராஜில் இறக்கியபோது எப்படி இருந்ததோ ஏறக்குறைய அதே அழகு. ஒரு பிளேட்டும் கழற்றவில்லை. நீ மட்கார்டுக்கும் சில்லுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தாய். பிறகு டிக்கியைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"அரிசியா மச்சான்?"

"அரிசிதான்."

அன்று மாலை முழுக்க நமக்கு அதே வேலை. மூன்று மூட்டை வைத்தால் அதிகம், ஒன்று வைத்தால் போதாது. ஒவ்வொரு தடவையும் ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். கார் வாங்கிய நாளிலிருந்து நீ அதன் பின்சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். நான் ஓட்டிய ஓட்டத்துக்கு நீ கண்ணை மூடிக்கொண்டது வேறு விஷயம். கடைசியில் இரண்டு மூட்டை என்று முடிவானது. தோட்டத்து ரோட்டுக்கு மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போவது, தார் ரோட்டுக்கு ஏற்றிக்கொள்வது. வேலை ஒன்றும் பெரிதில்லை. நமக்குத்தான் தோன்றவில்லை.

நகைக்கடைக் கல்யாணத்துக்கு நம் கார்தான் முன்னால் போனது. மூட்டைகளின் மேல் கம்பளி போட்டு மூடியிருந்தாய். கடை வீதியில் மேளத்துக்குப் பின்னால் அது ஊர்ந்து வந்தபோது, மாப்பிள்ளையை விட உன் முகத்தில்தான் களை அதிகம். ஸ்டாண்ட்காரன் ஜன்னல் பக்கம் குனிந்து, எந்தக் கராஜில் செய்தது என்று மெதுவாகக் கேட்டான். நீ ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாய்:

"மச்சான் கடையில."

கல்யாணச் சாப்பாடு நடக்கும்போதே பாக்கியத்துக்கு வலி எடுத்துவிட்டது. நாளுக்கு முந்தியே. காரில் கட்டிய மாலைகளை அவிழ்க்கக்கூட நேரமில்லை. நான் டிக்கியைத் திறக்கப் போனேன், மூட்டையை இறக்கினால் வேகமாகப் போகலாம் என்று. நீ என் கையைப் பிடித்தாய். "அதுல கைய வைக்காத. நீ பின்னுக்கு ஏறு." அன்று வந்த 'நீ' கோபத்தில் வந்ததில்லை.

அவள் தலை என் தோளில். பெயர்ந்த தார் வளைவு வந்தது. நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி தாழ்ந்து எழுந்தது, அவ்வளவுதான். பாக்கியம் கண்ணைத் திறந்து, "அந்த வளைவு தாண்டியாச்சா?" என்று கேட்டாள். மாலையும் மஞ்சள் துணியுமாக வந்த காரைப் பார்த்து, பெண்ணும் மாப்பிள்ளையும் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று வாசலில் நின்றவர்கள் கேட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் உன் மருமகள் பிறந்தாள். இப்போது அஞ்சாம் வகுப்பு. உன்னைப் போலத்தான், பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற சப்பாத்தைத் துடைத்துவிட்டு நாலு எட்டுத் தள்ளி நின்று பார்க்கிறாள்.

போன மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சுவலி வந்தபோது கடைக் கணக்கப்பிள்ளை ஓட்டினார். நான் பின்சீட்டில், உன் தலை என் மடியில். வளைவுக்கு முன்னால் கேட்டாய்:

"மூட்ட இருக்கா?"

"இருக்கு மச்சான்."

"அப்பச் சரி."

அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வெள்ளைத் துணி போர்த்தித் திரும்பக் கொண்டுவந்ததும் அதே காரில்தான். மெதுவாகத்தான் ஓட்டச் சொன்னேன்.

அதன் பிறகு வண்டி ஹயருக்குப் போகவில்லை. மூட்டையை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றிவிடுவேன், வண்டு விழ விடுவதில்லை. ஓடாத சரக்கைக் கடையில் வைக்காதவன் நான். ஒரு வருஷமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். பாக்கியம்தான் நேற்றுச் சொன்னாள்: "யாருக்காவது குடுத்துருங்க. நிக்கிறதுக்கா அண்ணன் அதத் தொடச்சிச்சு?"

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன், மச்சான். மீதியை வந்துதான் எழுதுகிறேன்.

அவர் தேநீரைக் குடித்து முடித்திருந்தார். ஓட்டிப் பார்க்கலாமா என்றார். அதற்கு முன் மூட்டையை இறக்கிவிடுவோம் என்று சாக்கில் கை வைத்தார். வேண்டாம், அது வண்டியோடு சேர்ந்தது என்றேன். அதற்கு என்ன விலை என்று கேட்டார். விலை இல்லை என்றேன். நாற்பது மைல் சுற்றுவட்டாரத்தில் என்னைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். அவரும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

பிறகு முன்கதவைத் திறந்து, "வாங்க மொதலாளி, முன்னுக்கு உக்காருங்க" என்றார்.

நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். எங்கே ஓட்டுவது என்று கேட்டார். டிக்கோயாப் பக்கம் விடச் சொன்னேன். அந்த வளைவில் இப்போதும் தார் பெயர்ந்துதான் கிடக்கிறது. வண்டி தாழ்ந்து எழுந்தது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பின்னுக்கு எப்படி இருக்குது என்று கேட்டார்.

கேட்டார், மச்சான். நாம் சொல்லிக்கொடுக்காமலே கேட்டார். வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டேன்.