நான் மூடிய தகடு

சனிக்கிழமை, ஒக்டோபர் 11

தன்னோடு வேலை செய்யும் ஒருவரின் ஏரிக்கரைக் குடிலை அப்பா இரண்டு நாளுக்கு இரவல் கேட்டு வாங்கியிருந்தார். காலையில் அவர் விறகு எடுக்கப் போன நேரம், கணப்படுப்பின் புகைக்குழாய்க்குள், புகை மேலே போக வழிவிடும் தகட்டை நான் இழுத்து மூடிவிட்டேன். பகிடிக்குத்தான். நெருப்பு மூட்டியதும் வீடெல்லாம் புகை.

"அப்பா, குடும்பமா ஒரு புகைப்படம் எடுப்பமா?" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கச்சி இருமி இருமிக் கண் சிவந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் அப்பா, அடுப்பை உடைத்துவிட்டோம் என்று பயந்து குடிலின் சொந்தக்காரருக்குப் போன் எடுத்துவிட்டார். அவர் ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடி வந்தார். தகட்டை ஒரு விரலால் திறந்தார். புகை மேலே போனது.

"பழக்கமில்லாத ஆக்கள் இதைத் திறக்க மறக்கிறதுதான்," என்று நோர்வேஜிய மொழியில் அன்பாகத்தான் சொன்னார்.

அப்பா மறக்கவில்லை. நேற்றிரவே திறந்தவர், நான் பக்கத்தில் நின்றனான். இப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தவரிடம், "ஓம், என்ரை பிழைதான், மன்னிக்கவேணும்," என்றார்.

நோர்வேஜிய மொழி எனக்கு அப்பாவைவிட நன்றாக வரும். அவருடைய உச்சரிப்பை நக்கலடிப்பவனே நான்தான். ஆனாலும் நான் குனிந்து விறகை அடுக்கத் தொடங்கினேன்.

கார் போனதும், "தங்கச்சிக்குத் தேத்தண்ணி போட்டுக் குடு," என்றார் அப்பா. ஏச்சே இல்லை.

திங்கட்கிழமை வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் அந்த மனிதர் இதைச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.