நாற்பத்து மூன்று ராத்தல் வில்

சால்மன், ஐடஹோ
ஆகஸ்ட் 26

அன்பு மகள் மைத்தேவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், என் முழங்கால் நலம், வலது தோள் நீ நினைப்பதைவிட மிக நலம். பால்டிமோரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. வீட்டில்தான் இருந்தேன். கோபத்தில் பேசினால் வாக்கியம் பிழையாகும், எழுது என்று மடத்துப் பள்ளியில் கன்னியர் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் நான் டுவைட்டின் கடையில் வில் வாங்கியது உனக்குத் தெரியும். உன் அப்பாவின் வில்லின் இழுப்பு என் கைக்கு இரண்டு அங்குலம் அதிகம், நாண் முன்கையில் அடித்து முட்டை அளவு கன்றிப்போனது. டுவைட் முதலில் ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்து, "பாட்டிம்மா, இது பஞ்சு மாதிரி இருக்கும், பெண்களெல்லாம் இதைத்தான் கேக்குறாங்க" என்றான். "பஞ்சு வேணும்னா மருந்துக்கடைக்குப் போயிருப்பேன், எல்க் மானுக்கு என்ன வச்சிருக்கே, அதைக் காட்டு" என்றேன். கைகளை விரித்து அளக்கச் சொல்லி என் நீளத்துக்குச் சரியானதைத் தேர்ந்தெடுத்தேன். முழுக்க இழுத்ததும் அதன் இரு நுனிகளிலும் உள்ள கப்பிகள் உருண்டு பாரத்தில் முக்கால்வாசியைத் தாங்கிக்கொள்ளும், மான் திரும்பும்வரை நான் நிதானமாகப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். வில்லின் திருகுகளை முறுக்கி, இழுவிசையை நாற்பத்து மூன்று ராத்தலில் வைக்கச் சொன்னேன். எல்க் மானுக்கு நாற்பதுக்குக் குறைந்த வில் இங்கே சட்டப்படி கூடாது. ஜூன் முழுவதும் இருபத்தைந்து கஜத்தில் அம்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

ஜூலையில் புது நாண் கட்டக் கொடுத்தேன். திரும்பி வந்த வில்லில் எல்லா அம்பும் நாலு விரல்கடை தாழ்ந்து விழுந்தது. மைத்தே, ஒரு வாரம் நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். தோள் போய்விட்டது, எழுபத்தொரு வயது வந்தேவிட்டது என்று நம்பினேன். உன் அப்பா போன பிறகு நான் அழாத அழுகையை அந்த வாரம் கொட்டகையில் நின்று அழுதேன். எட்டாம் நாள் இழுக்கும்போது, தோள் போனவளுக்கு வில் எப்படி இத்தனை லேசாக இழுபடும் என்று தோன்றியது. இறைச்சித் தொடைகளை நிறுக்க உன் அப்பா உத்தரத்தில் தொங்கவிட்ட தராசின் கொக்கியில் நாணை மாட்டி வில்லைக் கீழே இழுத்தேன். தராசு முப்பத்தாறு ராத்தல்தான் காட்டியது.

டுவைட்டின் மேஜைமேல் வில்லை வைத்து, "இதைத் தளர்த்தினது நீயா, எலியா?" என்று கேட்டேன். அவன் காது சிவந்துவிட்டது. "மிஸஸ் உருட்டியா, மைத்தே போன் பண்ணி அழுதா. வில்லோட திருகைக் கொஞ்சம் தளர்த்திடு, வேட்டை அதிகாரி அளந்து பார்த்தா வீட்டுக்கு அனுப்பிடுவார், அம்மாகிட்ட யாரும் சண்டை போட வேண்டாம்னு சொன்னா. நானும் மடையன் மாதிரி கேட்டுட்டேன்" என்றான்.

உன் கணக்கில் அதிகாரி மட்டும்தான் இருந்தார். நாங்கள் வேட்டையாடும் மலையில் பதினோரு வருடமாக எந்த அதிகாரியும் எங்கள் வில்லை அளந்ததில்லை. நான் அப்படியே போயிருந்தால் அந்தத் தளர்ந்த அம்பு விலா எலும்பில் நின்றுபோயிருக்கும், மான் அதைச் சுமந்துகொண்டு ஒரு வாரம் நடந்து செத்திருக்கும். வேட்டைக்காரன் மகள் நீ, இதை யோசிக்காமல் போனாயே.

டுவைட்டைத் தொடவிடவில்லை. மேல் திருகு மூன்று சுற்று, கீழ்த் திருகு மூன்று சுற்று, நானே முறுக்கினேன். விசை மாறினால் அம்பின் போக்கும் மாறும் என்பதால் காகிதத்தைச் சட்டத்தில் கட்டி ஆறடியிலிருந்து எய்தேன். அம்பு நேராகப் போகாமல் அதன் வால் காகிதத்தை மேற்புறமாகக் கிழித்தது. அம்பு தாங்கியை மயிரிழை மயிரிழையாக உயர்த்தினேன், பதினேழாவது காகிதத்தில் ஒரே ஒரு சுத்தமான ஓட்டை வந்தது. பிறகு உன் பெரியப்பா மகன் ரஸ்ஸலைக் கூப்பிட்டு என் நிபந்தனையைச் சொன்னேன். தினமும் விடியலில் ஒரே அம்பு, கைகால் சூடாகுமுன், வேட்டைக்கான கம்பளிக் கோட்டோடு, கூர்முனையோடு, சாப்பாட்டுத் தட்டு அளவு குறி. பதினான்கு நாளில் இரண்டு தவறினால் வில்லை நானே விற்றுவிடுவேன். ரஸ்ஸல் தன் கோவேறு கழுதைகளைக் காட்டி, "சித்தி, இதுங்ககூட உங்க அளவுக்கு அடம் பிடிக்காது" என்றான்.

ஆறாம் நாள் தவறியது. கோட்டின் கை நாணில் சிக்கி அம்பு வேலிக்கு அப்பால் போனது. அதன்பின் கோட்டுக் கையை முன்கையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மீதி எட்டு நாளும் எப்படி நின்றேன் என்று எனக்கும் ரஸ்ஸலுக்கும்தான் தெரியும். இன்று பதினான்காவது. தட்டு அளவுக் குறியில் பதின்மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

சனிக்கிழமை நானும் ரஸ்ஸலும் வேட்டைக்கு மலையேறுகிறோம். இருபத்தைந்து கஜத்துக்கு மேல் எய்யமாட்டேன், மான் பக்கவாட்டில் நிற்காவிட்டால் எய்யமாட்டேன். இது உனக்குப் பயந்து தரும் வாக்கு அல்ல, எப்போதும் என் வழக்கம். என்னைத் தடுக்க வேண்டுமானால் விமானம் ஏறி வந்து என் முகத்துக்கு எதிரே நின்று தடு. என் முதுகுக்குப் பின்னால் திருகைத் தொடாதே.

உன் இரவுப் பணிகளில் கடவுள் துணையிருக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். மறக்காமல் டுவைட்டைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். முப்பது வருடமாக ஒருவரிடமும் பொய் சொல்லாதவனை நீ சொல்லவைத்தாய்.

கோபம் தீராத, அன்பும் குறையாத
உன் அம்மா
வினிஃப்ரெட் உருட்டியா