உங்களுக்கு டயாலிசிஸ் புரிந்த நாள்

வீட்டு வேலைக்கு வரும் பெண் புதுக் கருநீல பனியன் ஒன்றை இன்று காலை வாளியில் ஊறப்போட்டாள். தண்ணீர் நீலமாயிற்று. "துணி நல்லாத்தான் இருக்குதுங்கம்மா, சாயந்தான் நிக்கல" என்றாள். சாயம் இறங்குவதைப் பற்றி நான் கடைசியாக விளக்கம் சொன்னது உங்களுக்குத்தான்.

எதிரெதிர் வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தும் நாம் ஒருவரையொருவர் புகழ்ந்ததில்லை. பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்திய முதலாளியம்மா உங்களுக்கு, வேதியியல் பேராசிரியை என்றால் சும்மா இருந்து சம்பளம் வாங்கியவள். எந்நேரமும் ஆர்டரைப் பற்றியே பேசும் நீங்கள் எனக்குத் தலைவலி. ஆனாலும் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கியபின், என்னைத்தான் கேட்டீர்கள்.

"ஏனுங்க டீச்சர், அந்த மிஷின்ல என்னதான் பண்றாங்க? டாக்டரு இங்கிலீசுல நாலு வார்த்தை சொல்லிப்போட்டு அடுத்த பெட்டுக்குப் போயர்றாரு."

செறிவு வேறுபாடு, ஒரு கூறு புகவிடும் சவ்வு என்று தொடங்கினேன். கையெடுத்துக் கும்பிட்டீர்கள். "காலேஜ்லயும் இப்படியேதான் சொல்லிக் குடுத்தீங்களா? பாவமுங்க அந்தப் புள்ளைங்க."

கோபத்தில் உங்கள் தொழிலுக்குள்ளேயே இறங்கினேன். சாயம் போகும் துணியை நல்ல தண்ணீரில் போட்டால் சாயம் தண்ணீருக்கு வருகிறது; தண்ணீரிலும் சாயம் ஏறிவிட்டால் வருவது நின்றுவிடுகிறது; ஆகையால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் இரத்தம் துணி, கழிவு சாயம், மிஷினுக்குள் ஓடுவது புதுத் தண்ணீர். நடுவிலுள்ள மெல்லிய சவ்வு, இரண்டும் ஒன்றாகிவிடாமல் காக்கிறது. சொல்லச் சொல்ல எனக்கே பிடிபட்டது. பணிக்காலம் முழுவதும் ஒப்பித்துவந்த பாடத்தை, ஓய்வுபெற்றபின் உங்கள் கட்டிலருகேதான் கற்றேன். அந்த மகிழ்ச்சியில் உங்கள் முகத்தைப் பார்க்கத் தவறினேன்.

"அப்ப இது கிட்னி சரியாகறதுக்கு இல்லீங்களா?"

"இல்லீங்க. அலசறது மட்டுந்தான். மறுபடி கழிவு சேரும், மறுபடி அலசோணும்."

"எதுவரைக்குங்க?"

"இருக்கற வரைக்குங்க."

நல்ல கேள்வி, நல்ல பதில் என்று எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொண்டேன். சில காலம் போனால் குணமாகிவிடும் என்று நம்பித்தான் நீங்கள் அத்தனை ஊசிகளையும் பொறுத்திருந்தீர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வந்த காரைத் திருப்பி அனுப்பினீர்கள். டாக்டர் பேசிப் பார்த்தார். உங்கள் மகன் அழுதார். "இனி வேண்டாமுங்க. புரிஞ்சுதானுங்க சொல்றேன்" என்றீர்கள். அந்த மாதம் முடியுமுன் நீங்கள் இல்லை. முடிவு உங்களுடையது, உங்கள் விருப்பத்துக்கு மாறாக எவரும் உங்களை எதையும் செய்ய வைத்ததில்லை. இதை எனக்கு நானே பலமுறை, மிக எளிய சொற்களில் விளக்கிப் பார்த்துவிட்டேன். ஏறவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் உங்கள் மகன் வந்தார். "அம்மா ஏனுங்க திடீர்னு நிறுத்துனாங்க? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நானோ யூரியா, மின்பகுளிகளின் சமநிலை, செறிவு என்று நெடுநேரம் பேசினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். என் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் கண்ட அதே தலையாட்டல். புரிந்துவிட்டது என்றே அன்றெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா டீச்சரம்மா?" என்று விசாரிக்கிறார். "ஆச்சுங்க கண்ணு" என்கிறேன். அவர் அன்று கேட்டதற்கான பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.