எட்டாவது மாடிக் குரல்

அம்மா,

துணிக்கு அடிக்கும் கஞ்சி ஸ்பிரேயின் வாசனை வந்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. இன்று காலை சீருடையைத் தேய்த்தபோதும் வந்தது. நான் தேய்த்து மாட்டிவைத்த கால்சட்டையை எனக்குத் தெரியாமல் எடுத்து, மறுபடி கஞ்சி அடித்துத் தேய்த்து, ஒரு மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போட்டு வைப்பாய். படை முகாமில் தண்டனை எனக்குக் கிடைக்கும். கேட்டால், "ஒரு கோடு கூட இருந்தா என்னடி குறைஞ்சுபோச்சு?" என்பாய்.

அதிகாரிப் பயிற்சிக்கு நான் தேர்வானதே உனக்குப் பிடிக்கவில்லை. இந்த நாட்டில் பையன்கள் படைக்குப் போவது சட்டம். பெண் தானாகப் போய்க் கையெழுத்துப் போடுவாளா என்று சில நாள் கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு தேக்கா சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம், "பொண்ணு கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லத் தொடங்கினாய்.

"ஆபீஸ் இல்லம்மா, ஆபீசர்."

"ரெண்டும் ஒண்ணுதான் லா."

பயிற்சியில் எனக்கு ஓட்டம் வந்தது, காடு பழகியது, துப்பாக்கியும் வசப்பட்டது. குரல்தான் வரவில்லை. அணிவகுப்பில் என் கட்டளை பின்வரிசைக்கு எட்டவே இல்லை. அடுத்த சோதனையிலும் இப்படித்தான் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்த வார இறுதியில் செம்பவாங்கில் நம் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நின்று பழகினேன். நம் படையில் கட்டளைகள் மலாயில்தானே. நேராக நிற்கச் சொல்லும் கட்டளையை எடுத்து, "செடியா" என்று கத்தினேன்.

"எந்தச் செடிடி?" என்றாய், வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். உனக்கு என்னைவிட நன்றாக மலாய் தெரியும். வேண்டுமென்றேதான் கேட்டாய்.

நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன். நீ இடுப்பில் கைவைத்து, "போதும், நிறுத்துடி" என்றாய். எட்டாவது மாடியில் நீ சொன்னதற்குக் கீழே பந்து விளையாடிய பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் கால்களை ஒட்டி நின்றேன். உன் தொண்டை புடைக்கவில்லை, வாய்கூடப் பெரிதாகத் திறக்கவில்லை. எல்லாம் அடிவயிற்றிலிருந்து வந்தது.

"இன்னொரு தரம் சொல்லும்மா."

"பைத்தியமா உனக்கு?"

அதோடு விட்டாயா? நான் முடி வெட்டியதில் தொடங்கி, என்னை யார் கட்டிக்கொள்வார் என்பதுவரை திட்டினாய். நான் உன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சோதனையில் நானும் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தேன்; தேறினேன்.

நான் அதிகாரியான நாளில் என் தோளில் பதவிப் பட்டையை மாட்டியது நீதான். மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொரு பயிற்சியாளியின் அம்மாவிடம், "வெயில்ல போட்டுப் பிள்ளையைக் கருக்கிட்டாங்க" என்றாய். நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாய் என்று நின்றேன். நீ கண்மூடும்வரை அது வரவில்லை. அதற்காகக் காத்திருந்தேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

இன்று நான் கட்டளையிட்ட அணிவகுப்பு முடிந்ததும், புதிதாக வந்திருக்கும் அதிகாரி ஒருவர், "மேம், இந்த வாய்ஸ் எங்க ட்ரெயின் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ட்ரெயின் பண்ணல. வீட்ல திட்டு வாங்கினேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திடல் நிறைய நின்றவர்கள் ஒரே நொடியில் நிமிர்ந்தது உனக்குத்தான் அம்மா, எனக்கில்லை. நீ இருந்தால் இதையும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய்.