வணிக ஓலைகளை நிறுத்தக் கோரி முத்தங்கரை மன்னருக்கு

மழை தவறாத செம்பாறை மலைக்கும் அதன் அடிவாரத்து ஊர்களுக்கும் தாயாய் நின்று செங்கோல் செலுத்தும் அரசி நறுங்கோதையாரின் திருவாணைப்படி, அவர்தம் ஓலை நாயகம் கூத்தன் அரிஞ்சி எழுதுவது: அலைகடலைத் தோழனாகக் கொண்டவரும், திசையெங்குமிருந்து வரும் மரக்கலங்களுக்குத் துறை தந்து காப்பவருமான முத்தங்கரை மன்னர் நீலவர்மர் திருமுன் இவ்வோலை சேர்க. தங்கள் துறைமுகம் செழிக்க. தங்கள் பட்டத்து யானை நோயின்றி வாழ்க. தங்கள் அரசியாருக்கு எங்கள் அரசியாரின் அன்பு உரித்தாகுக.

இங்கு யாவரும் நலம். நலமல்லாதது ஒன்றே, அதுவும் தங்கள் நகரிலிருந்தே வருகிறது.

சென்ற வேனிலில் எங்கள் அரசியார் தங்கள் விருந்தினராக வந்திருந்தபோது, பவழக்கூடம் என்னும் கடையில் ஒரு சீப்பு வாங்கினார். கடைக்காரர் பணிவோடு பெயரும் ஊரும் கேட்க, அரசியாரும் மறைக்காமல் சொன்னார். அவர் நாடு திரும்புமுன்பே பவழக்கூடத்தின் ஓலை அரண்மனையில் காத்திருந்தது. சீப்பு மகிழ்வளித்ததா என்று அது வினவியது. அடுத்து வந்தது, சீப்பு வாங்கியோர் கண்ணாடியும் வாங்குவது வழக்கம் என்றது. அதற்கடுத்தது, அரசியார் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்த முத்துமாலை அவரை எண்ணி வாடுவதாகச் சொன்னது. விடை வாராமை கண்டு, எங்களை மறந்தீரோ என்று காதலனைப் போலப் புலம்பியும் ஓர் ஓலை வந்தது. அதனைப் படித்த அரசியாரின் கணவர் அன்று பகலுணவு உண்ணவில்லை.

ஓலை வேண்டாதோர் செய்யத்தக்கது யாதென ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருந்தார்கள். ஆயினும் அவ்வெழுத்துகள் எறும்பின் காலினும் சிறியவை. கூர்ந்து படித்து, அதில் கண்டவாறே, இனி வேண்டா என்று பணிவாக எழுதி விடுத்தோம். இங்கே ஓலையைப் படிப்போர் உளர் என்று அதனால் அவர்களுக்கு உறுதியாயிற்று போலும். நாங்கள் கேள்வியேபட்டிராத செருப்புக் கடையினரும், கட்டில் செய்வோரும், யானைக்கு முகபடாம் தைப்போரும் அன்புத் தோழியே என்று அரசியாரை விளித்து எழுதத் தொடங்கினர்.

ஆகவே, விரைக என்றும் இன்றே என்றும் கடைசி வாய்ப்பு என்றும் தொடங்கும் ஓலைகளை உள்ளே விடாது கூடையில் இடுமாறு வாயில் அதிகாரி வயிரவருக்குக் கட்டளையிட்டோம். அரண்மனை அமைதியுற்றது. அவ்வமைதியில் நாங்கள் பெருமிதமும் கொண்டோம்.

கார்காலம் வந்தது. எங்கள் மலைமேல் வெள்ளாம்பல் என்னும் பேரேரி உண்டு. அதன் கரையைக் காக்கும் தலைவி உமையாண்டாள் அதிகம் பேசாதவர். எழுதுவது அதனினும் குறைவு. கரையில் நீர் கசிவதைக் கண்ட அவர், விரைக, இன்றே ஆள் அனுப்புக, கரையைக் காக்க இதுவே கடைசி வாய்ப்பு என்று அரசியாருக்கு எழுதினார். வயிரவர் முதற்சொற்களை மட்டும் பார்த்து அதனைக் கூடையில் இட்டார். உமையாண்டாள் மீண்டும் எழுதினார். அதுவும் கூடைக்கே சென்றது.

இசைவிழாப் பந்தலுக்கு எந்தத் துணி அழகு என்று அவை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், முழங்கால்வரை சேறு படிந்த கோலத்தில் உமையாண்டாள் காவலரை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் உரைத்ததை உரைத்தவாறே எழுதுக என்பது அரசியாரின் ஆணை:

"ஓலைமேல ஓலை போட்டாச்சு தாயே, ஒரு ஆளும் வரல. கரை கசியுது. கீழ இருக்கிற ஊருக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க என்னடான்னா இங்க துணி பாத்துக்கிட்டு இருக்கீங்க!"

அரசியார் அரியணை விட்டு எழுந்து, "வழி காட்டுங்கம்மா, நானும் வர்றேன்" என்றார்.

படைவீரரும் பந்தல்காரரும் மடைப்பள்ளியாரும் ஒருசேர மலையேறினர். கீழூர் மக்களை மேட்டுக்கு ஏற்றினோம். மணல் மூட்டைகள் போதாமற் போனபோது, வயிரவர் தலைகுனிந்தவராய், வாயிலில் குவிந்திருந்த ஓலைக் கூடைகளையெல்லாம் யானைகள்மேல் ஏற்றிக் கொணர்ந்தார். அவற்றைக் களிமண்ணோடு சேர்த்துக் கரையில் அடுக்கினோம். தங்கள் வணிகரின் அன்புரைகள் அங்கே அசையாது நின்று நீரைத் தடுத்தன என்பதை நன்றியோடு ஒப்புகிறோம். பொழுது சாயுமுன் கசிவு அடங்கியது; ஓருயிரும் போகவில்லை. அரசியார் சேற்றிலேயே அமர்ந்து அழுதார். கரை நின்ற மகிழ்வினாலா, நில்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற அச்சத்தினாலா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. உமையாண்டாள் மட்டும் அருகே சென்று, தம் மேலாடையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

இப்போது வயிரவர் காலையும் மாலையும் கூடையைப் புரட்டிப் பார்த்த பின்னரே ஒதுக்குகிறார். கடைவீதி செல்லும் அரண்மனையார், உலகில் இல்லாத பூங்குழலி நாச்சி என்பாளின் பெயரையே கொடுக்கின்றனர். அவளுக்கு வரும் ஓலைகள் நேரே அடுப்புக்குச் செல்கின்றன. எங்களால் ஆனது இவ்வளவே. எஞ்சியது தங்கள் கையில் உள்ளது. கேளாதவர்க்கு ஓலை விடுக்கலாகாது எனவும், வேண்டா என்றவரை அன்றே விட்டுவிட வேண்டும் எனவும், ஒருவர் பெயரை அவர் அறியாமல் வேறு கடைக்குக் கைமாற்றலாகாது எனவும் தங்கள் வணிகருக்கு ஆணையிட வேண்டுகிறோம். நிறுத்தும் வழியை மனிதக் கண்ணுக்குப் புலப்படும் எழுத்தில் எழுதச் செய்தால் எங்கள் முதிய எழுத்தர்கள் தங்களை வாழ்த்துவர். இது நிறைவேறும்வரை எங்கள் மலைச் சந்தனம் தங்கள் துறைக்கு இறங்காது என்பதையும் வருத்தத்தோடு தெரிவிக்கிறோம்.

தங்கள் வாயிலிலும் ஒரு கூடை இருக்கக்கூடும் என்று அஞ்சி, இவ்வோலையைத் தூதரிடம் கொடாது உமையாண்டாளிடமே கொடுத்துள்ளோம். மலைமயில் பொறித்த அரக்கு முத்திரை இதன்மேல் உள்ளது. இது அரசி நறுங்கோதையாரின் சொல். எழுத்து கூத்தன் அரிஞ்சியினது. தாங்கள் கடைசி எழுத்துவரை படிக்கும்வரை உமையாண்டாள் தங்கள் திருமுன் நின்றுகொண்டே இருப்பார். முடித்ததும் அவரை நோக்கித் தலையசைத்தருள்க. அதன்பின்னரே அவர் அமர்வார்.