சக்கரம் தரையைத் தொட்ட பிறகு

புரோத்ராபூர்,
போர்ட் பிளேர்.
18-2-1964

அன்புத் தங்கை மரகதத்துக்கு அண்ணன் பழனிசாமி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் வாசித்து மூச்சு விட்டுக்கொள். பிறகு மற்றதைப் படி.

உன் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி மாப்பிள்ளைக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சோறு பிடிக்காமல் நம் வீட்டிலிருந்துதான் மீன் குழம்பு போகிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நர்சுகளுக்கெல்லாம் விமானப் பாடம் நடத்துகிறார்.

காட்டு சர்வேக்காக அந்தச் சின்ன விமானம் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்தது உனக்குத் தெரியும். இங்கே பாகங்களைப் பூட்டி முடித்து, போன வாரம் மாப்பிள்ளை அதில் முதல் தடவையாகப் பறந்துவிட்டு இறங்கினார். அந்த விமானத்துக்கு முன்பக்கம் இரண்டு சக்கரம், வாலுக்கடியில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் ஓடும்போது மூக்கு நிமிர்ந்திருப்பதால் நேர் எதிரே இருப்பது ஓட்டுபவருக்குத் தெரியாதாம். கனம் பின்னால் இருப்பதால், நிற்கும்வரை கால் மிதிகளை மிதித்து நேராக வைத்திருக்க வேண்டுமாம். பிசகினால் வால் முன்னால் வரப் பார்க்குமாம். இதெல்லாம் எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

நாங்கள் கப்பல் பார்த்துப் பழகியவர்கள். துறைமுக ஜெட்டியில் கயிற்றைக் கட்டிவிட்டால் கப்பல் வந்தாயிற்று, ஓடிப் போய் மாலை போடலாம். அன்றும் சக்கரம் தரையைத் தொட்டதுமே 'ஆ கயா, ஆ கயா', வந்தாச்சு வந்தாச்சு என்று கூட்டம் இந்தியில் கத்தியது. மாலையோடு முதல் ஆளாக ஓடுதளத்துக்குள் ஓடியவள் உன் அண்ணி சுசீலா. மாப்பிள்ளை கடைசி நொடியில் அவளைப் பார்த்து, விலகிப் போக ஒரு பக்கத்து மிதியை அழுத்தியிருக்கிறார். வால் சுற்றி வந்து, இறக்கை தரையில் மோதி முறிந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணைக்குக் கல்கத்தாவிலிருந்து அதிகாரி வருகிறார். காற்று தள்ளியது, தன் கால் தவறிவிட்டது என்று மாப்பிள்ளை சொல்லப் போகிறாராம். அப்படிச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்பதும் அவர் வாயாலேயே வந்ததுதான். சுசீலா தானே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றாள். சுசீலா அக்காவைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் பறக்க வேண்டியதில்லை என்று தடுத்துவிட்டார். ஒரு பெண்பிள்ளை மேல் கேஸ் வரக் கூடாது என்று கூட்டத்தில் இருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னிடம் உன் தலைமேல் சத்தியம் வாங்கியிருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அதிகாரியிடம் சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. நீ சொன்னால்தான் கேட்பார். நடந்ததை நடந்தபடி சொல்லும்படி அவருக்கு உடனே தந்தி கொடு.

சுசீலா ஆஸ்பத்திரிக்குக் குழம்பு கொண்டுபோவதோடு சரி. மாப்பிள்ளை அறைக்குள் போவதில்லை, வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். இந்தக் கடிதத்தில் இரண்டு வரி எழுதச் சொன்னேன். பேனாவை வாங்கி, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முருகன் உன்னையும் உன் மாங்கல்யத்தையும் காப்பான். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்று சுருக்கிவிடாதே அம்மா. கடைசியில் 'அண்ணி சௌக்கியமா' என்பதையும் சேர்த்துக்கொள்.

உன் அண்ணன்,
பழனிசாமி